கண்காட்சி ஒன்றைத் திட்டமிடுவது எப்படி? புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

ஊர் நூலகத்திலோ கல்லூரியிலோ சிறிய அருங்காட்சியகத்திலோ ஒரு கண்காட்சி வைக்கும் பொறுப்பு வந்து சேரும்போது எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போகிறேன்: ஒரு சிற்றூர் நூலகக் கூடத்தில், உள்ளூர்க் குடும்பங்கள் பாதுகாத்துவரும் ஓலைச்சுவடிகளை வைத்து மூன்று மாதம் நடத்தும் கண்காட்சி.

பொருள்கள் கையில் இருக்கின்றன. ஷோகேஸ் செய்யக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். பெட்டி செய்யும் ஆசாரியைப் பார்ப்பதற்கு முன் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். பார்க்க வருபவர் வெளியே போகும்போது எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரே ஒரு முழு வாக்கியம்.

“ஓலைச்சுவடிகளின் வரலாறு” என்று எழுதினால் அது தலைப்பு. அதை வைத்துக்கொண்டு எதையும் சேர்க்கலாம், எதையும் விடலாம். இப்படி எழுதிப் பாருங்கள்: “அச்சு வருவதற்கு முன், இந்த ஊரில் ஒரு நூல் அழியாமல் இருக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் உட்கார்ந்து அதைப் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டியிருந்தது.” இப்போது வேலை தானாக நகரத் தொடங்கும். ஒரே நூலின் இரண்டு படிகள் கிடைக்குமா என்று தேடுவீர்கள். பூச்சி அரித்த சுவடியை ஒதுக்காமல் முன்னால் வைப்பீர்கள். கடைசி ஏட்டில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த ஆண்டும் இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். எழுத்தாணிக்கும் பனை ஓலைக்கும் கண்காட்சியில் இடம் வரும். அழகான பழைய வெற்றிலைப் பெட்டி ஒன்றை யாரோ அன்போடு கொண்டுவந்து கொடுத்தாலும், “இதற்கு இந்தக் கண்காட்சியில் இடமில்லை” என்று காரணத்தோடு சொல்ல முடியும்.

இந்த ஒரு வாக்கியத்தை முடிவுசெய்ய இரண்டு வாரம் ஆனாலும் பரவாயில்லை. நான் பார்த்தவரை குழப்பமான கண்காட்சிகளில் பலவற்றுக்கும் மூலகாரணம் இடமோ பணமோ அல்ல, இந்த வாக்கியம் இல்லாமல் வேலையைத் தொடங்கியதுதான்.

எத்தனை பேர் வேண்டும்?

பெரிய அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர், பாதுகாப்பு வல்லுநர், வடிவமைப்பாளர், கல்வி அலுவலர் என்று தனித்தனி ஆட்கள் இருப்பார்கள். சிறிய இடத்தில் மூன்று பேர் போதும், ஆனால் மூன்று வகைப் பொறுப்பு பிரிந்திருக்க வேண்டும். ஒருவர் பொருளுக்காகப் பேசுவார்: இதன் மேல் வெளிச்சம் அதிகம், இதை இப்படி நிறுத்தினால் உடையும். ஒருவர் உள்ளடக்கத்துக்காகப் பேசுவார். மூன்றாமவர் பார்வையாளருக்காகப் பேசுவார்: எனக்கு இது புரியவில்லை, என் கால் வலிக்கிறது. அந்த மூன்றாமவர் இல்லாத குழு தனக்காகவே கண்காட்சி வைத்துக்கொள்ளும்.

கதையைக் காலவரிசையில்தான் சொல்ல வேண்டுமா?

அவசியமில்லை. திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் 2022 டிசம்பரில் ஓர் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் திறந்தார்கள். திருவிதாங்கூர் அரசின் பழைய ஆவணங்கள்தான் அங்கே பெரும்பகுதி. எட்டுக் கூடங்கள். எழுத்தின் வரலாற்றில் தொடங்கி நிலமும் மக்களும், ஆட்சி, போரும் அமைதியும், கல்வியும் உடல்நலமும், பொருளாதாரம், கலை இலக்கியம் என்று போகிறது. பழைய நிலக்கணக்கு ஓலையைப் படிக்கத் தெரியாதவரும் “என் நிலத்துக்கு அன்றைக்கு எப்படிக் கணக்கு வைத்தார்கள்?” என்ற கேள்வியோடு உள்ளே நுழையலாம்.

இன்னொரு முறையை மும்பையின் சத்ரபதி சிவாஜி மகராஜ் வாஸ்து சங்கிரகாலயம் என்ற அருங்காட்சியகம் 2017இல் பிரிட்டிஷ் மியூசியத்தோடும் டெல்லி தேசிய அருங்காட்சியகத்தோடும் சேர்ந்து நடத்திய பெரிய கண்காட்சியில் பார்க்கலாம். இந்தியாவின் வரலாற்றை ஒன்பது கதைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இந்தியப் பொருளுக்குப் பக்கத்தில் அதே காலத்து வேற்று நாட்டுப் பொருளை வைத்தார்கள். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது எழும் கேள்வி, ஒன்றைத் தனியாகப் பார்க்கும்போது எழாது.

நம் நூலகக் கூடத்துக்கு ஒரு சுவடி கடந்துவரும் பாதையே போதும்: ஓலையைப் பதப்படுத்துவது, எழுதுவது, படிப்பது, கெடுவது, மறுபடி எழுதுவது. ஐந்து பகுதிகள். ஒருவர் நடுவில் நுழைந்தாலும் தொலைந்துபோகாத வரிசை இது. கூட்டம் உள்ள நாளில் யாரும் அம்புக்குறியைப் பார்த்து நடப்பதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

அறுபது சுவடிகள் கிடைத்திருக்கின்றன. எல்லாவற்றையும் வைத்தால் என்ன?

கொடுத்தவர்கள் மகிழ்வார்கள், பார்ப்பவர்கள் களைப்பார்கள். 1916இலேயே பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒருவரைக் காட்சிப் பேழைகளுக்கு முன்னால் நிறுத்தி, பொருளையும் விளக்க அட்டையையும் பார்த்தால் மட்டுமே விடை சொல்லக்கூடிய கேள்விகளைக் கொடுத்து, அவர் குனிவதையும் மண்டியிடுவதையும் எட்டிப் பார்ப்பதையும் படம் பிடித்தார். அருங்காட்சியகக் களைப்பு என்ற பேச்சுக்கு அந்தக் கட்டுரை ஒரு தொடக்கம். நூறு ஆண்டு தாண்டியும் நம் ஊர்க் கேலரிகளில் முழங்கால் உயரத் தட்டில் லேபிள் இருக்கிறது.

பன்னிரண்டு சுவடிகள் போதும். தேர்ந்தெடுக்கும்போது “இது எவ்வளவு பழையது?” என்று மட்டும் கேட்காதீர்கள். “நம் வாக்கியத்தை இது எந்த வகையில் மெய்ப்பிக்கிறது?” என்று கேளுங்கள். மற்ற நாற்பத்தெட்டின் பெயர்ப்பட்டியலையும் கொடுத்த குடும்பங்களின் பெயர்களையும், அவர்கள் சம்மதித்தால், ஒரு பலகையில் மரியாதையாக எழுதி வையுங்கள். மாதத்துக்கு ஒரு முறை சில சுவடிகளை மாற்றி வைக்கலாம். ஓலைகளுக்கு வெளிச்சத்திலிருந்து ஓய்வு கிடைக்கும், ஊர்க்காரர்களுக்கும் மறுபடி வர ஒரு காரணம் கிடைக்கும்.

லேபிளில் என்ன எழுதுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: “ஓலைச்சுவடி. பொருள்: மருத்துவம். காலம்: 19ஆம் நூற்றாண்டு. ஏடுகள்: 64. நிலை: நன்று.” இது பதிவேட்டுக் குறிப்பு. நமக்குத் தேவை, பார்ப்பவருக்கு அல்ல. இதைப் படித்தவர் கண்ணாடிக்குள் மறுபடி பார்க்க மாட்டார்.

அதே சுவடிக்கு இப்படி எழுதலாம்:

“இதில் புள்ளியே இல்லை. அருகில் வந்து பாருங்கள், மெய்யெழுத்து எதன் மேலும் புள்ளி கிடையாது. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. படிக்கிறவர்தான் பொருள் உணர்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும். படியெடுப்பவர் தவறாகப் பிரித்தால் அடுத்த சுவடியில் அது வேறு சொல்லாகிவிடும்.”

முதல் வரி கண்ணைப் பொருளுக்கு அனுப்புகிறது. நடுவில் உள்ளவை கண்ட பிறகு எழும் கேள்விக்குப் பதில் சொல்கின்றன. கடைசி வரி கண்காட்சியின் மைய வாக்கியத்தைத் தொடுகிறது. நூலின் பெயர், காலம், கொடுத்தவர் பெயர் ஆகியவை கீழே சிறிய எழுத்தில் வரலாம்.

நீளத்தைப் பொறுத்தவரை, ஒரு பொருளுக்கு 30 முதல் 40 தமிழ்ச் சொற்கள், நுழைவுப் பலகைக்கு 100. ஆங்கிலக் கையேடுகள் பொருளுக்கு 50, நுழைவுக்கு 150 என்ற அளவில் சொல்லும். நம் சொற்கள் ஒட்டி ஒட்டி நீளமாவதால் அதே எண்ணிக்கையை அப்படியே எடுத்தால் பலகை நிரம்பி வழியும். மனிதர்கள் இதை நின்றுகொண்டு படிக்கிறார்கள், தோளில் குழந்தையோ பையோ இருக்கும். “காணப்படுகிறது”, “திகழ்கிறது”, “சிறப்பு வாய்ந்தது” ஆகிய மூன்றையும் எடுத்துவிட்டால் பாதி லேபிள்கள் சரியாகிவிடும்.

எழுதியதை யாரிடமாவது வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ஆங்கிலமும் வேண்டும் என்றால் தமிழில் முதலில் எழுதி முடியுங்கள். ஆங்கிலத்தில் எழுதிக் கடைசி நாளில் தமிழாக்கம் செய்த லேபிளை ஊர்க்காரர்கள் இரண்டாம் வரியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பேழைக்குள் இருக்கும் லேபிளுக்கு 24 பாயிண்ட்டுக்குக் குறையாமல். ஒரு மீட்டருக்கு அப்பாலிருந்து படிக்கும் சுவர்ப் பலகைக்கு 40க்கு மேல். தமிழ் எழுத்துகளில் சுழி அதிகம். தடித்த எழுத்துருவில் ண, ஞ போன்றவற்றின் உள்வட்டம் அடைத்துக்கொள்ளும். மேலே புள்ளியும் கீழே சுழியும் நீட்டிக்கொண்டு வருவதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விடுங்கள். கண்ணாடி போல மின்னும் லேமினேஷன் வேண்டாம், மேட் பூச்சு கேளுங்கள்.

வெளிச்சம் குறைவாக இருக்க வேண்டும் என்கிறார்களே, அப்புறம் எப்படிப் பார்ப்பது?

ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். ஓலை, தாள், துணி ஆகியவற்றுக்கு 50 லக்ஸ் என்பது உலகெங்கும் அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. கல்லும் மண்பாண்டமும் இதைவிடப் பல மடங்கு தாங்கும். ஒளியால் ஏற்படும் சேதம் திரும்பாது, அது சேர்ந்துகொண்டே போகும். 50 லக்ஸில் இரண்டு மாதம் வைப்பதும் 100 லக்ஸில் ஒரு மாதம் வைப்பதும் ஓலைக்கு ஒன்றுதான். ஆகவே ஆள் இல்லாதபோது விளக்கை அணைப்பதுகூடப் பாதுகாப்பு வேலைதான். ஜன்னல் வழியாக விழும் வெயில் ஆயிரக்கணக்கான லக்ஸ் வரும். முதல் செலவு திரைச்சீலை.

பார்ப்பதற்கு வழி இருக்கிறது. வெளி வெயிலிலிருந்து நேராகக் கூடத்துக்குள் விடாமல், நடுவில் மங்கலான ஒரு சிறு தாழ்வாரமோ தடுப்போ வைத்து அங்கே நுழைவுப் பலகையை மாட்டுங்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் கண் பழகிவிடும். இரண்டாவது வழி சுவடிக்கே உரியது. ஓலையில் எழுத்து என்பது எழுத்தாணி கீறிய பள்ளம். மேலிருந்து நேராக ஒளி விழுந்தால் மை போன இடங்களில் ஒன்றும் தெரியாது. சிறிய எல்.இ.டி. விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில், ஓலையோடு ஒட்டிய கோணத்தில் வையுங்கள். ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அதே 50 லக்ஸ்தான்.

விளக்கைப் பேழைக்குள் வைக்காதீர்கள். எல்.இ.டி.யும் சூடாகும்.

பேழையை எந்த மரத்தில் செய்வது?

மலிவான பிளைவுட், எம்.டி.எஃப். (மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்வது) பலகைகளின் பசையிலிருந்தும் சில மரங்களிலிருந்தும் அமில ஆவி வந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டிக்குள் அது உலோகத்தை அரிக்கும், ஓலைக்கும் ஆகாது. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1970களில் இதற்கென்றே ஒரு எளிய சோதனையை உருவாக்கினார்: சந்தேகப்படும் பொருளையும் வெள்ளி, ஈயம், செம்புத் துண்டுகளையும் ஈரப்பதத்தோடு மூடி வைத்து 60 டிகிரியில் 28 நாள் சூடாக்கினால், எந்த உலோகம் நிறம் மாறுகிறது, அரிக்கிறது என்பதைக் கொண்டு முடிவெடுக்கலாம். நம்மால் சோதனை செய்ய முடியாவிட்டாலும், தூள் பூச்சுப் பூசிய இரும்பு, கண்ணாடி, அக்ரிலிக் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கலாம். மரம்தான் என்றால் பெயின்ட் அடித்து நான்கு வாரமாவது திறந்து காயவிடுங்கள். மூடியைத் திறந்தால் பெயின்ட் வாடை அடிக்கும் பெட்டிக்குள் எதையும் வைக்காதீர்கள்.

பொருளை எப்படித் தாங்கி நிறுத்துகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். ஆந்திரத்து அமராவதியின் பௌத்தச் சிற்பப் பலகைகளை 19ஆம் நூற்றாண்டில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகச் சுவரில் சாந்து வைத்துப் பதித்தார்கள். அன்றைக்கு அது உறுதியான, அழகான ஏற்பாடாகத் தெரிந்திருக்கும். ஆனால் சுவரின் ஈரமும் உப்பும் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஏறி, செதில் செதிலாகக் கெடுத்தன. சுவரோடு ஒட்டிய கல்லைப் பிரித்தெடுப்பதே தனிப் பெரும்பாடு. எடுக்க முடியாதபடி எதையும் பொருத்தக் கூடாது. சுவடிக்கு ஊசி, செலோடேப், பசை எதுவும் வேண்டாம். சரிவான அக்ரிலிக் தாங்கியில், அமிலமற்ற தாளின் மேல், முழு நீளமும் தாங்கும்படி படுக்க வைத்தால் போதும்.

ஏ.சி. இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பகலில் போட்டு இரவில் அணைத்தால் ஈரப்பதம் ஏறி இறங்கி ஓலை விரிந்து சுருங்கும். அதைவிட ஏ.சி.யே இல்லாமல் சீராக இருக்கும் அறை மேல்.

வீடுகளிலிருந்து சுவடி வாங்கும்போது என்ன எழுதிக்கொள்ள வேண்டும்?

ஒரு கடன் ஒப்பந்தம். யாருடைய பொருள், எந்த நாளில் வாங்கினோம், எந்த நாளில் திருப்புவோம், படம் எடுக்கலாமா, இணையத்தில் போடலாமா, சேதமானால் யார் பொறுப்பு. இதோடு நிலை அறிக்கை: ஏடுகளின் எண்ணிக்கை, முறிந்தவை, பூச்சித் துளைகள், கயிறும் நாராசமும் (ஏடுகளின் துளையில் கோக்கும் கம்பி) மேலும் கீழும் வைக்கும் மரச் சட்டமும் இருக்கின்றனவா என்ற விவரம், படங்களோடு. கொடுப்பவர் முன்னிலையில் ஏடுகளை எண்ணி இருவரும் கையெழுத்திட வேண்டும். வந்த சுவடியை நேரே மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பையில் இரண்டு வாரம் வைத்து, பூச்சித் தூள் விழுகிறதா என்று பாருங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி 75 ஆண்டு தாண்டினாலே தொல்பொருள். மற்றப் பொருள்களுக்கு 100 ஆண்டு. ஓவியம் உள்ள சுவடிகள், சிற்பங்கள் போன்றவற்றைப் பதிவு செய்ய வேண்டும். தனியார் யாரும் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கண்காட்சியைப் பார்த்துவிட்டு விலை பேச வருபவர்கள் இருப்பார்கள். குடும்பங்களிடம் இதை முன்பே சொல்லி வைப்பது நம் கடமை.

பல வீடுகளில் சுவடி பூசைப்பொருள். சரஸ்வதி பூசைக்கு எடுத்து வைத்து வணங்குவார்கள். எந்த உயரத்தில் வைக்கலாம், யார் தொடலாம், செருப்போடு அருகில் போகலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். ஜாதகச் சுவடி என்றால், இன்று வாழ்பவரின் விவரம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வெளியில் வையுங்கள். கைம்மாறாகச் சுவடியைத் தரமாக ஸ்கேன் செய்து ஒரு படியைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் வீட்டுச் சுவடியில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியவரும்.

தொடுதிரை இல்லாமல் இளைஞர்கள் வருவார்களா?

வருவார்கள். ஓர் எழுத்தாணியும் பதப்படுத்திய வெற்று ஓலைகளும் ஒரு மேசையும் பழகிய ஒருவரும் இருந்தால் போதும். ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியை அசைக்காமல் ஓலையை நகர்த்தி எழுதிப் பார்த்த மாணவருக்கு, ஒரு நூலைப் படியெடுக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது கையிலேயே தெரிந்துவிடும். எழுதிய பின் கரியைப் பூசித் துடைத்ததும் எழுத்து கறுப்பாகத் தோன்றும் அந்த நொடிக்காகவே பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். திரைக்குப் பணம் இருந்தால், பேழையில் மூடியிருக்கும் மற்ற ஏடுகளைப் புரட்டிப் பார்க்க அதைப் பயன்படுத்துங்கள். பழுதானால் யார் சரிசெய்வார் என்று தெரியாத திரையை வாங்காதீர்கள்.

உயரம், வழி இவற்றுக்கு அளவு உண்டா?

சுவரில் மாட்டுவதன் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. மேசைப் பேழையின் மேல்விளிம்பு 80 செ.மீ. அளவில் இருந்தால் குழந்தையும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் பார்க்கலாம். கீழே கால் நுழைய இடம் விடுங்கள். வழி 90 செ.மீ.க்குக் குறையக் கூடாது, திரும்பும் இடத்தில் 150 வேண்டும். வாசலில் சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நாற்காலிகளை மறந்துவிடாதீர்கள், அவற்றைக் கண்காட்சியின் நடுவில் போடுங்கள்.

நன்றாக வருமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

லேபிள்களைச் சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டு, சுவடியின் புகைப்படத்தோடு நூலகச் சுவரில் ஒட்டுங்கள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர், தேர்வுக்குப் படிக்கும் இளைஞர், பள்ளிப் பிள்ளை என்று பத்துப் பேரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள், நம் ஊர்ப் பண்பு அது. “படித்ததை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் மைய வாக்கியத்தின் சாயல் இல்லையென்றால் திருத்துங்கள். தாளில் திருத்தினால் ஒரு ரூபாய், வினைலில் அச்சிட்ட பின் திருத்தினால் ஆயிரங்கள்.

எவ்வளவு காலம், எவ்வளவு பணம்?

இந்த அளவுக் கண்காட்சிக்கு ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதம் வாக்கியம், தேடல், தேர்வு. அடுத்த இரண்டு மாதம் எழுத்தும் சோதனையும் வடிவமைப்பும். கடைசி இரண்டில் பேழை செய்வது, காயவிடுவது, நிறுவுவது. பணத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்குங்கள். நிலை அறிக்கை, நல்ல தாங்கி, திரைச்சீலை ஆகியவற்றை முதலில் கணக்கில் சேர்த்துவிட்டு, மிஞ்சியதில் திறப்பு விழாவை நடத்துங்கள்.

முறையாகப் படிக்க வேண்டுமானால்?

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் துறை இருக்கிறது. கொல்கத்தா பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. படிப்புக்குப் போக முடியாதவர்கள் ஒரு பயிற்சியை இன்றே தொடங்கலாம். பக்கத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் குறிப்பேட்டோடு போய், பொருள்களைப் பார்க்காமல் மனிதர்களைப் பாருங்கள். எங்கே நிற்கிறார்கள், எத்தனை நொடி, எதைக் கடந்துபோகிறார்கள், எந்த இடத்தில் கூட வந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். அந்தக் கடைசி இடத்தில் என்ன நடக்கிறது என்று வரைந்துகொண்டு வாருங்கள்.

திறந்தாயிற்று. வேலை முடிந்ததா?

முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் கூடத்தின் மூலையில் இருங்கள். ஒரே கேள்வியைப் பலர் காவலரிடம் கேட்டால் அதற்கு ஒரு லேபிள் குறைகிறது என்று பொருள், எழுதி வையுங்கள். ஈரப்பத மானியை நாள்தோறும் ஒருவர் குறித்துவர வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் பழைய நிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்கியபோது இருந்தவர்கள் முன்னிலையிலேயே ஏடுகளை மறுபடி எண்ணி, படங்களோடு ஒப்பிட்டு, திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். லேபிள் வரைவுகள், தளவரைபடம், செலவுக் கணக்கு, பார்வையாளர் சொன்னவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு நூலகத்திலேயே வைத்துவிடுங்கள். அடுத்து அங்கே கண்காட்சி வைப்பவருக்கு அது தேவைப்படும்.